நம் நகரின் செய்தியை எழுதியவர்கள்
கோவை மாநகர இதழியல் வரலாற்றில் சில ஏடுகள்





ஆண்டறிக்கை மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு நிர்வாகிகள் கேட்டபோது, வழமைபோல் ஜகாத்தின் சட்டங்களைப் பற்றியோ நோன்பின் மாண்பைப் பற்றியோ எழுதலாம் என்றே எண்ணியிருந்தேன். ஆனால் சென்ற மாதம் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி என் எண்ணத்தை மாற்றிவிட்டது. அவிநாசி சாலையில் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். உடன் மக்தப் மாணவன் ஒருவனும் வந்தான். நடத்துநர் "நவ இந்தியா இறங்குங்க" என்று குரல் கொடுத்தார். அச்சிறுவன் என் கையைத் தொட்டு, "ஹஜ்ரத், நவ இந்தியான்னா கம்பெனியா?" என்று கேட்டான். அது ஒரு நாளிதழின் பெயர், கோவையிலிருந்தே வெளிவந்த தமிழ் நாளிதழ் என்றேன். அவனால் நம்ப இயலவில்லை. "நம்ம ஊர்லயே பேப்பர் இருந்துச்சா?" என்றான்.

அவனுக்கு நான் பேருந்தில் முழு விடை சொல்லவில்லை. அந்த விடையைத்தான் இங்கே எழுதுகின்றேன்.

தோல், கால்நடை, ஜவுளி, பாக்கு என வணிகத்தின் பொருட்டு ஊர் ஊராகச் சென்ற நம் முன்னோர்க்குச் செய்தி என்பது பெரும்பாலும் வாய்மொழியாகவே வந்தது. வாரச் சந்தை ஒரு செய்தி நிலையம். தமுக்கு அடிப்பவர் ஒரு செய்தியாளர். 1860களில் ரயில் பாதை போத்தனூர் வழியே மலபார்க் கரையை எட்டிய பின்னரே சென்னைப் பட்டணத்துப் பத்திரிகைகள் ஓரளவு ஒழுங்காக இங்கு வந்து சேர்ந்தன. அவற்றையும் படித்தவர்கள் கச்சேரி உத்தியோகஸ்தர்களும் வக்கீல்களுமே.

இந்நிலையில் கோவைக்கென்றே ஏடு நடத்த முன்வந்தவர் சே. ப. நரசிம்மலு நாயுடு அவர்கள் (1854-1922). சேலத்தில் பத்திரிகைப் பணியைத் தொடங்கி, பின்னர் கோவைக்கு வந்து நிலைபெற்றவர். இங்கு அவர் நடத்திய இதழ்களுள் 'கோயமுத்தூர் கலாநிதி' பெயர் பெற்றது. அச்சகமும் அவருடையதே. எழுதியவரும், அச்சிட்டவரும், ஊரின் குறைகளைத் தூக்கிக்கொண்டு அதிகாரிகளிடம் சென்றவரும் ஒருவரே. சிறுவாணி மலையின் தண்ணீரைக் கோவைக்குக் கொணரலாம் என்று தொடர்ந்து எழுதியும் பேசியும் வந்தார். அத்தண்ணீர் நகருக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. இன்று நம் பள்ளியின் ஹவ்ளில் ஒளுச் செய்யும்போது அந்தத் தண்ணீருக்குப் பின்னால் ஒரு பத்திரிகைக்காரரின் பிடிவாதமும் இருக்கின்றது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1892ஆம் ஆண்டு எழுந்த விக்டோரியா நகர மண்டபமும் அவர் முன்னின்று முயன்றதன் பயனே. மாநகராட்சி அலுவலகத்திற்கு வரி கட்டச் செல்வோர் அதனை நாள்தோறும் கடந்து செல்கின்றனர்.

அவரை அடுத்து நினைவுகூர வேண்டியவர் சாமிக்கண்ணு வின்சென்ட் (1883-1942). ரயில்வே அலுவலில் இருந்தவர். 1905இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, கூடாரம் அமைத்து ஊர் ஊராகப் படம் காட்டத் தொடங்கினார். 1914இல் கோவையில் அவர் கட்டிய வெரைட்டி ஹால் தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் திரையரங்குகளுள் ஒன்று. பின்னாளில் அது டிலைட் என்று பெயர் மாறியது. சாலையின் பெயர் மட்டும் பழைய பெயராகவே நிலைத்துவிட்டது. சினிமாவைப் பற்றி இமாம் ஏன் எழுதுகின்றார் என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். படம் காட்டுவதற்காக மின்சாரம் உண்டாக்கிய அம்மனிதர் அந்த மின்சாரத்தைக் கொண்டே அச்சுப் பொறியையும் ஓட்டினார் என்பதற்காகவே குறிப்பிடுகின்றேன். கையால் சுற்றிய அச்சுப் பொறியிலிருந்து மின்சாரத்தில் ஓடும் பொறிக்கு மாறுவது ஒரு நகரத்தின் செய்தி வரலாற்றில் சிறிய நிகழ்வன்று. சிங்காநல்லூர்ப் பக்கம் 1930களில் எழுந்த சென்ட்ரல் ஸ்டூடியோ, பின்னர் வந்த பட்சிராஜா ஸ்டூடியோ ஆகியவற்றின் கதை வேறு. அதனை அறிந்தோர் எழுதட்டும்.

ஈரோடும் திருச்செங்கோடும்

கொங்கு நாட்டில் அச்சேறிய எழுத்து அரசாங்கத்தையே அசைத்தது கோவையில் அன்று, ஈரோட்டில். 1925ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் ஈ.வெ. ராமசாமிப் பெரியார் 'குடி அரசு' வார இதழைத் தொடங்கினார். சென்னையிலோ மதுரையிலோ அன்றி, மஞ்சள் மண்டியும் மாட்டுச் சந்தையும் நிறைந்த ஓர் ஊரிலிருந்து புறப்பட்ட ஏடு தமிழ்நாடு முழுவதும் விவாதத்தைக் கிளப்பிற்று. 'ரிவோல்ட்' என்ற ஆங்கில ஏடும், 'புரட்சி', 'பகுத்தறிவு' முதலியனவும் பின்னர் வந்தன. 'குடி அரசி'ல் 1933இல் வந்த ஒரு தலையங்கத்திற்காகப் பெரியார் மீது அரசு வழக்குத் தொடுத்துச் சிறைக்கு அனுப்பியது. அறிஞர் அண்ணா ஈரோட்டில் 'விடுதலை' இதழில் துணையாசிரியராகப் பணியாற்றியதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதி.

இறை மறுப்பாளர் ஒருவர் நடத்திய இதழில் மீலாது விழாக்களில் அவர் ஆற்றிய உரைகள் அச்சாகி வந்தன என்பது நம்மவர் பலர் அறியாதது. அவருடைய கொள்கையோடு நமக்கு உடன்பாடில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. எனினும் முஸ்லிம்கள் கூட்டிய மேடையில் பேசியதை முழுமையாக அச்சிட்டு, முஸ்லிமல்லாத ஆயிரக்கணக்கானோர் கையில் அன்றைக்கு யார் கொண்டு சேர்த்தார்கள் என்று கேட்டால், இந்த ஏட்டையும் சொல்லியே ஆகவேண்டும்.

அதே கொங்கு மண்ணில், திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்திலிருந்து இராஜாஜி 1929இல் 'விமோசனம்' என்ற இதழை வெளியிட்டார். மதுவை ஒழிப்பது ஒன்றே அதன் நோக்கம். கல்கி அவர்கள் அதில் உதவியாசிரியர். பத்து இதழ்களோடு அது நின்றுபோயிற்று. ஆயினும் மதுவின் கேட்டை மட்டுமே பேசுவதற்கென்று ஒரு பத்திரிகை நம் பகுதியிலிருந்து வந்தது என்பதை எண்ணும்போது, அதனைத் தொடங்கியது நாமாக இருந்திருக்கக்கூடாதா என்ற ஏக்கம் எனக்கு எழுவதுண்டு.

நம்மவர் ஏடுகள் எங்கே இருந்தன?

தமிழ் முஸ்லிம்கள் பத்திரிகைத் துறையில் பின்தங்கியவர்கள் என்று யாரேனும் சொன்னால் அது அறியாமை. இலங்கையில் அறிஞர் சித்தி லெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கினார். சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 1887இல் 'சிங்கை நேசன்' நடத்தினார். நாகூரைச் சேர்ந்த குலாம் காதிறு நாவலர் 'வித்தியா விசாரிணி'யை நடத்தினார். பின்னர் பா. தாவூத்ஷாவின் 'தாருல் இஸ்லாம்' வந்தது. அதன் தமிழ் நடையைப் பிற சமயத்தாரும் விரும்பிப் படித்தனர். அவருடைய கருத்துகள் பலவற்றை அன்றைய ஆலிம்கள் கடுமையாக மறுத்தனர். மறுத்தவர்களும் மறுப்பை அச்சிலேயே தந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் இவை யாவும் கடற்கரை ஊர்களிலும் தலைநகரிலும் எழுந்தவை. கப்பல் வந்த இடத்தில் அச்சுப் பொறி வந்தது, காகிதம் வந்தது, வெளிநாட்டுச் செய்தியும் வந்தது. உள்நாட்டில், கொங்கு வட்டாரத்தில், நம்மவரிடம் செல்வம் இருந்தது, பள்ளிவாசல்கள் இருந்தன, மதரஸாக்கள் இருந்தன. இப்பகுதி முஸ்லிம்களின் வாழ்வை நாள்தோறும் பதிவு செய்யும் ஏடு ஒன்று வேரூன்றவில்லை. தபாலில் வந்த மாத இதழ்களை ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்பதோடு நாம் நிறைவடைந்துவிட்டோம். 'சமரசம்', 'மணிச்சுடர்' போன்றவை பின்னர் வந்தபோதும் அவற்றின் அலுவலகம் சென்னையில்தான். இதன் விலை என்ன என்பதைப் பின்னால் சொல்கின்றேன்.

சென்னைப் பத்திரிகை கோவையில் அச்சானது

1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு பஞ்சாலைகள் பெருகின. ஆலைத் தொழிலாளர்கள் தேநீர்க் கடையில் கூடி, எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்கும் பழக்கம் பரவிற்று. 1934இல் தொடங்கிய 'தினமணி'யும், 1942இல் மதுரையில் ஆதித்தனார் தொடங்கிய 'தினத்தந்தி'யும் இத்தகைய வாசகர்களைச் சென்றடைந்தன. கோவையிலோ தொழிலதிபர் பி.ஆர். ராமகிருஷ்ணன் அவர்களின் 'நவ இந்தியா' வெளிவந்தது. இந்நகரின் செய்தியை இந்நகரிலேயே எழுதி, இந்நகரிலேயே அச்சிட்ட நாளிதழ் அது. ஜி.ஆர். தாமோதரன் அவர்களின் முயற்சியால் 'கலைக்கதிர்' என்னும் அறிவியல் திங்களிதழும் கோவையிலிருந்து வந்தது. அணுவையும் மின்சாரத்தையும் தமிழில் விளக்கலாம் என்று காட்டிய இதழ் அது. (சேலம், ஈரோடு பகுதிகளில் வரும் 'காலைக்கதிர்' நாளிதழ் வேறு. ஒரு நெடில் எழுத்தினால் பலர் குழப்பிக்கொள்கின்றனர்.)

பின்னர் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்தது. சென்னையில் அச்சாகும் ஆங்கில நாளிதழ் 'தி இந்து' ரயிலில் இரவு முழுதும் பயணம் செய்தே இங்கு வந்துகொண்டிருந்தது. 1963இல் அந்நிறுவனம் பத்திரிகைக் கட்டுகளைக் கொண்டுசெல்லச் சொந்த விமானங்களையே அமர்த்தியது. 1969இல் அதனினும் வியப்பான ஒன்றைச் செய்தது. சென்னையில் பக்கம் தயாரானதும் அதன் உருவத்தை அப்படியே தொலைத்தொடர்பு வழியே கோவைக்கு அனுப்பி, இங்கு படச்சுருளில் பெற்று, தகடு செய்து அச்சிடும் முறையைக் கொணர்ந்தது. இந்தியாவிலேயே இம்முறை முதலில் செயல்பட்டது சென்னைக்கும் கோவைக்கும் இடையில்தான். மதுரையை விட்டுக் கோவையை ஏன் தேர்ந்தார்கள் என்றால், ஆலை முதலாளிகளும், நீலகிரி, வால்பாறைத் தோட்டத் துரைமார்களும், கல்லூரிகளும் இருந்த வட்டாரம் இது என்பதே காரணமாக இருக்கவேண்டும் என்பது என் கணிப்பு.

நகரத்துக்கு இது பெருமையே. ஆயினும் இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. வெளியூர்ப் பத்திரிகை அதே காலை நேரத்தில், கூடுதல் பக்கங்களோடு, இங்கேயே அச்சாகி வரத் தொடங்கிவிட்டால், ஊர்ப் பத்திரிகை எதனைக் கொண்டு நிற்கும்? 'தினத்தந்தி', 'தினமணி', 1951இல் திருவனந்தபுரத்தில் பிறந்த 'தினமலர்', 1977இல் தொடங்கிய 'தினகரன்', அண்மையில் 2013இல் வந்த தமிழ் 'இந்து' வரை எல்லாவற்றுக்கும் கோவைப் பதிப்பு உண்டு. இவற்றுள் ஒன்றேனும் கோவையில் பிறந்ததன்று. 'நவ இந்தியா' நின்றது. பேருந்து நிறுத்தம் மட்டும் எஞ்சியது.

இதே கோவையில் 1971இல் சில கவிஞர்கள் கூடி 'வானம்பாடி' என்ற சிற்றிதழை விலையில்லாக் கவிமடலாக வெளியிட்டார்கள். புவியரசு, ஞானி, சிற்பி ஆகியோருடன் நம் சமுதாயத்தைச் சேர்ந்த பேராசிரியர் மு. மேத்தா அவர்களும் அதில் ஒளிவீசினார். 2006இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிட்டியது. பணமில்லாதவர்கள் நடத்திய அந்த ஏட்டைப் பற்றி இன்றும் பேசுகின்றார்கள்.

வானொலியைப் பற்றியும் ஓரிரு வரிகள். கோவை வானொலி நிலையம் 1966இல் தொடங்கியது. வேளாண்மைக் கல்லூரி இங்கிருந்ததால் உழவர் நிகழ்ச்சிகள் சிறப்பாக அமைந்தன. ஆயினும் நம் வீடுகளில் காலையில் ஒலித்தது இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையே. என் பாட்டனார் ஸுப்ஹுத் தொழுதுவிட்டு வந்து அந்தப் பெட்டியின் காதைத் திருகும் ஓசை இன்றும் என் செவியில் உள்ளது. 1993இல் சன் தொலைக்காட்சி வந்தபின் கேபிள் கம்பிகள் தெருக்களை மூடின. சேலத்தில் கேபிள் அலைவரிசையாக இருந்த பாலிமர் பின்னர் மாநிலம் முழுதும் பார்க்கும் தொலைக்காட்சியாயிற்று. தனியார் பண்பலைகளும் வந்தன. அவற்றில் பாட்டு உண்டு, பேச்சு உண்டு. சொந்தமாகச் செய்தி சொல்ல அவற்றுக்கு அனுமதி இருக்கவில்லை.

1997, 1998

இனி எழுத வேண்டியதை எழுதுகின்றேன். 1997 நவம்பர் 29 அன்று உக்கடத்தில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அதனைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் உயிரிழந்தனர். நம்மவர் கடைகள் எரிந்தன. 1998 பிப்ரவரி 14 அன்று நகரில் தொடர்ந்து குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். இவ்விரண்டு பாவங்களையும் ஒன்றைக் காட்டி மற்றொன்றை நியாயப்படுத்துவதற்கு நம் மார்க்கத்தில் இடமில்லை.

அப்போது எனக்கு வயது பதினெட்டு நிரம்பவில்லை. ஷவ்வால் மாதம். மதரஸா திறப்பதற்காகப் பெட்டி கட்டி வைத்திருந்தேன். எங்கள் தெருவில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவரைப் போலீசார் அழைத்துச் சென்றனர். மறுநாள் ஒரு பத்திரிகையில் (பெயர் வேண்டாம்) அவருடைய கடையின் படம் வந்தது. அதில் அடுக்கியிருந்த எடைக்கற்களும் குழாய்த் துண்டுகளும் வேறு ஏதோ போல எழுதப்பட்டிருந்தன. மூன்றாம் நாள் அவரை விட்டுவிட்டார்கள். வழக்கு ஏதும் இல்லை. விட்டுவிட்ட செய்தி அப்பத்திரிகையில் வரவில்லை. வரும் வரும் என்று என் அத்தா பதினைந்து நாள் அந்த ஏட்டைக் காசு கொடுத்து வாங்கினார்கள். அந்தப் பெரியவர் அதன் பின்னர் கடையைத் திறக்கவே இல்லை. "திறந்து என்ன பாய், எல்லாரும் போட்டோவைத்தான பார்த்திருக்காங்க" என்று அத்தாவிடம் சொன்னதை நான் அருகிலிருந்து கேட்டேன்.

பின்னாளில் ஹதீஸ் கலை பயின்றபோது, ஓர் அறிவிப்பை ஏற்கும்முன் அதனை அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார், நேரில் கண்டவரா, மறதியுள்ளவரா என்று நம் இமாம்கள் துருவித் துருவி ஆராய்ந்த நூல்களை விரித்து வைத்துக்கொண்டு, அந்தப் படத்தை நான் நினைத்துக்கொண்டதுண்டு. "போலீஸ் வட்டாரங்கள் தெரிவித்தன" என்று எழுதிய செய்தியில் ராவி யார்? ஸனது எங்கே?

நியாயத்துக்காக இதையும் சொல்ல வேண்டும். தவறு பத்திரிகையாளர்களிடம் மட்டும் இல்லை. அந்த ஆண்டுகளில் இரு தரப்பிலும் மேடைப் பேச்சுகள் ஒலிநாடாவாகப் பதிவாகி வீடு வீடாகச் சுற்றின. பெட்டிக் கடையிலும் கிடைத்தன. சரிபார்க்காத செய்தியை நாமும் கேட்டோம், பிறருக்கும் கொடுத்தோம். செய்தி கொண்டு வருபவனின் சொல்லைத் தீர விசாரித்துக்கொள்ளுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிடுவது நமக்கும்தான். அக்காலத்தில் நேரில் வந்து, எரிந்த கடைகளை எண்ணி, இரு பக்கத்தாரிடமும் பேசி எழுதிய செய்தியாளர்களும் இருந்தார்கள். அவர்கள் எழுதியவை உள்பக்கங்களில் வந்தன.

நீதிபதி கோகுலகிருஷ்ணன் ஆணையம் விசாரித்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2007 ஆகஸ்டில் தனி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது பலர் குற்றவாளிகள் என முடிவாயிற்று. கேரளத்து அப்துந் நாசிர் மஅதனி ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு, குற்றமற்றவர் என விடுதலை பெற்றார். கைதான நாளில் வந்த எழுத்தின் அளவையும் விடுதலையான நாளில் வந்த எழுத்தின் அளவையும் பழைய ஏடுகள் கிடைப்பவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

2022 அக்டோபர் 23 அன்று கோட்டை ஈஸ்வரன் கோவிலுக்கு முன் கார் வெடித்து, அதில் இருந்தவர் இறந்தபோது நிலைமை வேறு. நாளிதழுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தொலைக்காட்சி வண்டிகள் வரிசையாக நின்றன. கைபேசிகளில் உண்மையும் பொய்யும் கலந்து மணிக்கு நூறு செய்திகள். ஆனால் இம்முறை கோவை ஜமாஅத்துகள் வாய் மூடி இருக்கவில்லை. உடனே கண்டித்தார்கள். சில நாட்களில் ஜமாஅத்தார் அக்கோவிலுக்கே நேரில் சென்று நிர்வாகத்தினரைச் சந்தித்தார்கள். அந்தச் சந்திப்பும் செய்தியாக வந்தது, படத்தோடு. 1998இல் அப்படி ஒரு படம் வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அன்றிரவு நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இக்கட்டுரைக்காக நம் அலுவலகத்து இரும்புப் பெட்டியில் உள்ள பழைய தீர்மானப் புத்தகங்களை முத்தவல்லி அவர்களின் அனுமதியோடு புரட்டினேன். விளக்கு வாங்கிய செலவு உண்டு. பெருநாள் கஞ்சிக்கு அரிசி தந்தவர் பெயர்கள் உண்டு. 1997 டிசம்பருக்கும் 1998 ஏப்ரலுக்கும் இடையில் ஒரே ஒரு வரிதான் இருக்கின்றது: ஊரடங்கு காரணமாகக் கூட்டம் நடைபெறவில்லை. அந்த நாட்களில் நம் முஹல்லாவில் யார் கைதானார், யார் திரும்பினார், எந்தக் கடை எரிந்தது, எந்த மாற்றுமத அண்டைவீட்டார் நம் பெண்களையும் பிள்ளைகளையும் தம் வீட்டில் வைத்துக் காத்தார் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. அறிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கின்றனர்.

எனவே, அக்காலத்துப் பத்திரிகைத் துண்டுகள், துண்டுப் பிரசுரங்கள், கடிதங்கள், நிழற்படங்கள் வைத்திருப்போர் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் ஜமாஅத் அலுவலகத்தில் கொடுத்தால் நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தருவோம். எழுத இயலாத முதியவர்கள் சொல்லி அனுப்பினால், எழுதத் தெரிந்த இளைஞர் இருவரை வீட்டுக்கே அனுப்பி வைக்கின்றேன். அவர்களுள் ஒருவன் பேருந்தில் என்னிடம் கேள்வி கேட்ட சிறுவனின் அண்ணன்.